அந்தமானுக்கு ஆகாத மாதம்

அந்தமானுக்குப் போக எந்த மாதம் நல்லது என்று இருபத்துமூன்று வருடம் பெரம்பலூரில் உட்கார்ந்துகொண்டு ஊருக்குச் சொன்னவள் நான். இப்போது ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன். போன வாரம் பழைய ஆபீசில் வேலை பார்க்கும் பெண்கள் இரண்டு பேர் என்னைப் பார்க்க வந்தார்கள். "மேடம், இப்பல்லாம் யாரும் எங்ககிட்ட மாசம் கேக்கறதில்ல. போன்ல கேட்டா நவம்பர்லேர்ந்து பிப்ரவரின்னு அதுவே சொல்லிடுது. வர்றவங்க தேதியோடதான் வர்றாங்க. நீங்கள்லாம் அப்ப என்னதான் சொல்லிட்டு இருந்தீங்க?" என்று கேட்டார்கள். கேட்ட தோரணையைப் பார்த்தால், இத்தனை வருடமும் நான் பஜ்ஜி தின்றுவிட்டுச் சம்பளம் வாங்கினேனோ என்று அவர்களுக்குச் சந்தேகம் இருப்பது தெரிந்தது. பஜ்ஜி தின்றது உண்மை. வேலையும் பார்த்தேன் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

போன் சொல்லும் நவம்பரையே எடுத்துக்கொள்ளுங்கள். நவம்பர் மாதம் நம் வீட்டு டிவியில் அந்தமான் என்ற பெயர் எப்போது வரும்? "அந்தமான் அருகே காற்றழுத்தத் தாழ்வு நிலை" என்றுதான் வரும். நம் ஊர்க்காரர்களுக்கு அந்தமான் என்பது ஒரு தீவுக்கூட்டமே இல்லை. புயல் பிறக்கும் பிரசவ வார்டு. அந்த வார்டுக்குள் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வரலாம் என்று போன் சொல்கிறது. சில வருடம் புயல் வேறு பக்கம் பிறக்கும், நவம்பர் பளபளவென்று இருக்கும். சில வருடம் இருக்காது. இதைப் போனிடம் சொன்னால் அதற்குக் கோபம் வராது. அதுதான் அதனிடம் உள்ள குறை. தப்பாகச் சொன்ன பிறகு அதன் முகத்தில் யாரும் குடையைத் தூக்கி எறிந்ததில்லை. என் முகத்தில் எறிந்திருக்கிறார்கள். அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். வேறு எதிலும் ஹையர் இல்லை. பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் இரண்டு அறை கொண்ட ஒரு டிராவல்ஸ் ஆபீசில் சேர்ந்தேன். முதலாளி அமீன் பாய், லப்பைக்குடிகாட்டுக்காரர். வளைகுடாவில் பன்னிரண்டு வருடம் டிக்கெட் ஆபீஸ் ஒன்றில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். ஆரம்பத்தில் துபாய், சவூதி டிக்கெட்டும், மெக்காவுக்குப் போகும் உம்ரா பயணமும்தான் எங்கள் பிழைப்பு. பிறகு ஜனங்களுக்கு விமானத்தில் ஏற ஆசை வந்தது. பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்கும் வந்தது. பாஸ்போர்ட் இல்லாமல் கடலைத் தாண்டலாம் என்றால் அது அந்தமான். அப்படித்தான் அந்த வியாபாரம் பிடித்துக்கொண்டது. நான் முதல் ஆறு வருடம் அந்தமானைப் பார்க்காமலே விற்றேன். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் வேளாங்கண்ணியில் பார்த்த கடலை வைத்துக்கொண்டு, "தண்ணி நீலமா கண்ணாடி மாதிரி இருக்குங்க" என்று கூசாமல் சொன்னேன்.

அமீன் பாய் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. வெள்ளைச் சட்டை, கையில் எப்போதும் சீவி வைத்த சிவப்பு பென்சில். யாராவது உள்ளே நுழைந்து, "அந்தமானுக்கு எது பாய் நல்ல மாசம்?" என்று கேட்டால், பதில் சொல்ல மாட்டார். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, ஒரே தாளில் பன்னிரண்டு மாதமும் அச்சடித்த காலண்டரின் நகல் ஒன்றை எடுத்து மேஜையில் விரிப்பார். "நல்ல மாசம்னு ஒன்னு கெடையாதுங்க. உங்களுக்கு ஆகாத மாசம்னு இருக்கும். அதையெல்லாம் அடிச்சுட்டு வருவோம். மிச்சம் நிக்கிறது உங்க மாசம்" என்பார்.

அடிப்பது நான்கு சுற்று. முதலில் கடல் அடிக்கும். மே பாதியிலிருந்து செப்டம்பர் முடிய தென்மேற்குப் பருவமழை. தீவுக்குத் தீவு போகும் படகுகள் எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. அதற்கு முழுக்கோடு. அக்டோபர், நவம்பருக்குப் புள்ளிக்கோடு. அடுத்து காடு அடிக்கும். பெரம்பலூர்ப் பக்கம் மானாவாரிக் காட்டில் மக்காச்சோளமும் பருத்தியும் வீடு வந்து சேர மாசி ஆகிவிடும். ஆண்டிமடம் பக்கம் பங்குனி, சித்திரையில் முந்திரிக் காட்டை விட்டு யாரும் நகர முடியாது. மூன்றாவதாகச் சாமி அடிப்பார். கார்த்திகை, மார்கழியில் மாலை போட்டவர்களுக்கு அந்தமான் மீனைக் காட்டிப் பாவம் சேர்க்கக் கூடாது. ரம்ஜான் மாதமோ வருடத்துக்கு வருடம் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். பென்சிலும் கையுமாக அதன் பின்னாலேயே நாங்களும் போக வேண்டும். கடைசியாக வீடு அடிக்கும். பிள்ளைக்குப் பரீட்சை, மகளுக்குப் பிரசவம், ஆடி மாதம் மருமகளை அழைத்துப் போக வரும் சம்பந்தி, வெளிநாட்டிலிருந்து ஒரு மாத லீவில் வரும் மாப்பிள்ளை. வீடு அடிக்கும் கோடுதான் அழுத்தமாக விழும்.

நாலு சுற்றும் முடிந்தால் பாதிப் பேருக்குத் தாளில் ஒரு மாதமும் மிஞ்சாது. அப்போது பாய் பென்சிலை வைத்துவிட்டு, "உங்களுக்கு இந்த வருஷம் அந்தமான் இல்லீங்க. ஏற்காடு போயிட்டு வாங்க" என்று சிரித்த முகத்துடன் வழியனுப்புவார். வந்த வாடிக்கையாளரைத் தண்ணீர் கொடுத்துத் துரத்தும் முதலாளியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சீக்கிரம் வேறு வேலை தேட வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருமுறை ரெட்டிபாளையத்திலிருந்து ஒருவர் வந்தார். சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஜூலையில்தான் போவேன் என்றார். நான் பதறிப்போய், "சார், அப்ப ஒரே மழை. போட் நின்னுடும். ரூமுக்குள்ளயே கெடக்கணும்" என்றேன்.

"அதுக்குத்தாம்மா போறேன். முப்பது வருஷமா தூசி. மழையா பெய்யட்டும், ஒரு தூசி பறக்கக் கூடாது. நான் ஜன்னல தொறந்து வெச்சுட்டுப் படுத்துக் கெடக்கணும்" என்றார் அவர்.

பாய் உடனே டிக்கெட் போடச் சொன்னார். அவர் போன பிறகு, கடல் அடித்த மாதத்தில் எப்படி அனுப்பலாம் என்று நான் கேட்டேன். "தெரிஞ்சு கோட்டைத் தாண்டறது அவங்க இஷ்டம் வசந்தாம்மா. கோட்டை அழிக்கிறதுதான் நம்ம வேலை இல்ல" என்றார். ரெட்டிபாளையத்துக்காரர் எட்டு நாள் கழித்து வந்து, வாழ்க்கையிலேயே அப்படித் தூங்கியதில்லை என்று எங்களுக்கு ஒரு பெட்டி இனிப்பு வைத்துவிட்டுப் போனார்.

இப்போது செல்லமுத்துவின் கதைக்கு வருகிறேன்.

செல்லமுத்து ஆண்டிமடத்துக்குப் பக்கத்துக் கிராமம். முந்திரிக்காடு வைத்திருப்பவர். மூத்த பிள்ளை. மனைவி கொளஞ்சி. அந்தமான் ஆசை செல்லமுத்துவுக்கு இல்லை, கொளஞ்சிக்குத்தான். அடியில் கண்ணாடி வைத்த படகில் போனால் கடலுக்குள் இருக்கும் பவளப்பாறை தெரியும் என்று யாருடைய போனிலோ பார்த்திருந்தார். தொடர்ந்து நாலு வருடம் எங்கள் ஆபீசுக்கு வந்தார்கள். நாலு வருடமும் தாளில் எதுவும் மிஞ்சவில்லை. காரணம் செல்லமுத்துவின் அம்மா. படுத்த படுக்கை. பதினோரு வருடமாகக் கொளஞ்சிதான் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போது ஊருக்குக் கிளம்புகிற பேச்சு எடுத்தாலும் அந்த அம்மாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிடும். பேச்சு நின்றால் மூச்சும் சரியாகிவிடும்.

"நான் செத்தாத்தான்டி நீ ஊரு சுத்துவன்னு சொல்றாங்க மேடம். அவங்களும் சாவ மாட்டேங்கறாங்க, நானும் ஊரு சுத்த மாட்டேங்கறேன்" என்று கொளஞ்சி ஒருமுறை என்னிடம் சொல்லிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

ஐந்தாவது வருடம் அவர்கள் வந்தபோது பாய் உம்ரா போயிருந்தார். செல்லமுத்துவின் தங்கை மே மாதக் கடைசியில் பத்து நாள் வந்து அம்மாவைப் பார்த்துக்கொள்வதாக ஒத்துக்கொண்டிருந்தாள். முந்திரியும் அதற்குள் முடிந்துவிடும். ஊரிலிருந்து இன்னும் ஏழு பேர் சேர்ந்து வரத் தயார். ஒன்பது பேர். நான் தாளை விரித்து அடித்துக்கொண்டே வந்தேன். காடு, சாமி, வீடு மூன்றும் மே கடைசியை விட்டுவைத்தன. கடல் மட்டும் அடித்திருந்தது.

கொளஞ்சி அந்தச் சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த வருஷமும் ஏற்காடுதானா மேடம்?" என்று கேட்டார்.

நான் மேஜை டிராயரைத் திறந்து ரப்பரை எடுத்து, மே கடைசி வாரத்துக் கோட்டை அழித்தேன். "மழை ஜூன்லதாங்க புடிக்கும். தைரியமா போயிட்டு வாங்க" என்றேன். இரக்கத்தில் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஒன்பது டிக்கெட்டை முதலாளி இல்லாதபோது தனியாகப் போட்டுக் காட்ட வேண்டும் என்ற திமிரும் இருந்தது.

பாய் திரும்பி வந்து பேரீச்சம்பழமும் ஜம்ஜம் தண்ணீரும் கொடுத்தார். பிறகு பதிவுகளைப் பார்த்தார். மே கடைசி என்ற இடத்தில் அவர் விரல் நின்றது. "வசந்தாம்மா, இது அவங்க தெரிஞ்சு தாண்டுனதா, நீங்க அழிச்சதா?" என்று கேட்டார்.

"அழிச்சது பாய்."

சிவப்பு பென்சிலைக் கீழே வைத்தார். பிறகு, "அப்ப நீங்களும் கூடப் போங்க" என்றார்.

போர்ட் பிளேரில் இறங்கிய அன்று வெயில் அடித்தது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. பாய்க்குப் போன் செய்து வெயிலைப் பற்றி இரண்டு தடவை சொன்னேன். மறுநாள் காலை கப்பலில் ஹேவ்லாக் தீவுக்குப் போனோம். அன்று மத்தியானம் கண்ணாடிப் படகில் ஏறினோம். முந்தின வாரம் பெய்த மழையில் கடல் கலங்கியிருந்தது. கண்ணாடிக்குக் கீழே பச்சையாய் ஒரு குழம்பு. கொளஞ்சி அரை மணி நேரம் குனிந்து பார்த்தார். ஒரே ஒரு மீன் வந்து, கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுப் போயிற்று.

"அது நம்மளப் பாக்க வந்துருக்கு" என்றார் செல்லமுத்து.

சாயங்காலம் மழை பிடித்தது. நம் ஊர் மழை போல வந்து, கொட்டி, போய்விடும் மழை இல்லை. யாரோ குழாயைத் திறந்து வைத்துவிட்டு வெளியூர் போய்விட்ட மாதிரி பெய்தது. மறுநாள் காலை படகுத்துறையில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள், கப்பல் கிடையாது. அன்று டிவியில், "அந்தமானில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியது, தமிழக மக்கள் மகிழ்ச்சி" என்று செய்தி ஓடியது. மகிழாத தமிழக மக்கள் பத்துப் பேர் விடுதியில் ஈரத் துணியைப் பிழிந்துகொண்டு அதைப் பார்த்தோம்.

கப்பல் நின்ற இரண்டாம் நாள் காலை பத்து மணி வாக்கில் செல்லமுத்துவுக்குத் தங்கை போன் செய்தாள். அம்மா போய்விட்டார்.

அவர் அழவில்லை. போனை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, பையை எடுத்துத் தோளில் போட்டு, மழையில் நேராகப் படகுத்துறைக்கு நடந்தார். கொளஞ்சியும் நானும் பின்னால் ஓடினோம். அங்கே ஒரு மீன்பிடிப் படகுக்காரன் நின்றிருந்தான். வங்காளி. செல்லமுத்துவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும், அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் நாங்கள் போய்ச் சேர்வதற்குள் பேசி முடித்துவிட்டார்கள். படகு ஒரு மாட்டுவண்டி நீளம் இருக்கும். போர்ட் பிளேருக்கு அதில் போகப் போகிறார். கடலைப் பார்த்தேன். அலை துறையின் மேலே ஏறி வந்து எங்கள் கால்களைக் கழுவிவிட்டுப் போனது.

"செல்லமுத்துண்ணே, வேண்டாம். கப்பலையே நிறுத்தி வெச்சிருக்காங்க" என்றேன்.

"அம்மாவுக்குக் கொள்ளி வெக்க வேணாமா? நான் மூத்தவன், எங்கள்ல அம்மாவுக்கும் மூத்தவன்தான் வெக்கணும். நீந்தியாவது போவேன்" என்றார். அவருக்கு நீந்தத் தெரியாது. அவர் பார்த்த ஆழமான தண்ணீர் அவர் வீட்டுக் கிணறு. அதிலும் வருடத்தில் பாதி நாள் தண்ணீர் இருக்காது.

நான் அவர் பையைப் பிடித்துக்கொண்டே பாய்க்குப் போன் செய்தேன். விஷயத்தைக் கேட்டதும் இன்னாலில்லாஹி என்று முனகினார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். கூண்டு எத்தனாம் நம்பர்? துறை ஆபீசில் எப்போது கப்பல் விடுவோம் என்கிறார்கள்? ஹெலிகாப்டர் கேட்டீர்களா? நான் சொன்னேன்: இரண்டு நாளைக்கு ஒன்றும் நகராது, ஹெலிகாப்டர் நோயாளிகளுக்குத்தான், அதுவும் இந்தக் காற்றில் பறக்காது.

"அப்ப அவரை ஏற விடாதீங்க."

"கோவப்படறாரு பாய். என்னை அடிச்சாலும் அடிச்சுடுவாரு."

"படட்டும். உசுரோட இருந்தாத்தான கோவப்பட முடியும்? அவரு கோவம் உங்க மேலயே இருக்கட்டும், கீழ போட்டுடாதீங்க. நான் ஆண்டிமடம் கெளம்புறேன்."

"நீங்க எதுக்குப் பாய்?"

"சாவு வூட்டுக்குப் போன்ல பதில் சொல்லக் கூடாதும்மா" என்று வைத்துவிட்டார்.

நான் செல்லமுத்துவிடம் திரும்பினேன். அந்த நேரத்தில் எனக்குச் சாமர்த்தியமாக எதுவும் தோன்றவில்லை. உண்மைதான் கையில் இருந்தது. "அண்ணே, இந்த மாசம் ஆகாதுன்னு எங்களுக்குத் தெரியும். கடலு அடிச்சு வெச்ச மாசத்தை நான்தான் ரப்பரால அழிச்சேன். நீங்க இங்க மாட்டிக்கிட்டதுக்கு நான்தான் காரணம். திட்டுங்க, அடிங்க. இன்னொரு தப்பும் என்னால பண்ண முடியாது. படகுல ஏற விட மாட்டேன்" என்றேன்.

அப்போதுதான் குடை வந்தது. அவர் பையில் செருகியிருந்த, மடக்கின குடை. நெற்றியில் பட்டது. "நீ யாருடி என்னைத் தடுக்க?" என்றார். அதுவரை என்னை மேடம், வாங்க போங்க என்றுதான் அழைத்துக்கொண்டிருந்தார்.

கொளஞ்சி எங்களைத் தாண்டிப் போய், துறையின் படியில் அலை வந்து அடிக்கும் இடத்தில் சப்பென்று உட்கார்ந்தார். "நீங்க போறதுன்னா போங்க. நான் வர்லை. உங்கம்மாவுக்குப் பதினோரு வருஷம் பீ மூத்திரம் அள்ளிட்டேன். கடல்ல வுழுந்து அவங்க பின்னாடியே போயி அங்கயும் அள்ளணும்னா என்னால ஆவாது" என்றார்.

செல்லமுத்து அவரைப் பார்த்தார். படகைப் பார்த்தார். படகுக்காரனுக்குக் கொளஞ்சி சொன்னதில் ஒரு வார்த்தை புரிந்திருக்க வழியில்லை. ஆனால் புரிந்தவன் மாதிரி தலையை ஆட்டிவிட்டு, கயிற்றைக் கூடுதலாக ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டினான். செல்லமுத்து பையைக் கீழே வைத்தார். அதன் பிறகுதான் அழுதார்.

அங்கே ஆண்டிமடத்தில் நடந்ததைப் பிறகு பலர் சொல்லித் தெரிந்துகொண்டேன். பாய் தன் பழைய காரில் அரியலூர், ஜெயங்கொண்டம் வழியாகப் போய், சாவு வீட்டுப் பந்தலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். தன்னை யாரென்று அவரே சொன்னார். "செல்லமுத்துக்கு டிக்கெட் போட்டது எங்க ஆபீசு. ஆகாத மாசத்துல அனுப்பிட்டோம். தப்பு எங்களுது. அவரு வர ரெண்டு மூணு நாளாவும்" என்றார். அழித்தது நான் என்று சொல்லவில்லை. பந்தலில் இருந்த மாமன் மச்சான் பங்காளி எல்லோரும் ஆளுக்கு ஒரு சுற்று அவரைத் திட்டினார்கள். ஒரு பெரியவர், திட்டி முடித்துவிட்டு, தொண்டை காய்ந்திருக்கும் என்று அவருக்கே டீ கொண்டுவந்து கொடுத்தாராம். பாய் குடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காத்திருக்கலாம் என்று ஒரு கட்சி. இந்த வெக்கையில் கரண்ட் போனால் என்ன செய்வது, எடுத்துவிடலாம் என்று இன்னொரு கட்சி. எடுத்தால் கொள்ளி யார்? தம்பி கோவிந்தன் இருக்கிறான். ஆனால் அண்ணனும் தம்பியும் முந்திரிக்காட்டு வேலித் தகராறில் ஆறு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை. அண்ணன் சொல்லாமல் வைக்க மாட்டேன் என்று கோவிந்தன் பிடிவாதமாக நின்றான். "அவரு சொல்லட்டும், வெக்கிறேன். நாளைக்கு நான் திருட்டுத்தனமா கொள்ளி வெச்சேன்னு வேலி ஓரமா நின்னு பேசுவாரு."

பாய் என் போனுக்கு அழைத்தார். தீவில் அந்தக் காலத்தில் சிக்னல் விடுதி வாசலில் இருந்த ஒரு தென்னைமரத்துக்கு அடியில்தான் கிடைக்கும். நானும் கொளஞ்சியும் குடை பிடிக்க, செல்லமுத்து மரத்தில் சாய்ந்து நின்று போனைக் காதில் வைத்தார். ஸ்பீக்கர் போட்டிருந்தேன்.

"அண்ணே" என்றது குரல்.

செல்லமுத்து ஒரு கையால் தென்னைமரத்தைப் பிடித்துக்கொண்டார். மழைச் சத்தம் மட்டும் கேட்டது. சிக்னல் போய்விட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன்.

"கோவிந்தா, நீ வையி" என்றார்.

"நீ வர வரைக்கும் வெச்சிருக்கலாம்ணே. நான் பாத்துக்கறேன்."

"வேணாம்டா. அம்மாவுக்கு வெக்கை தாங்காது. நீ வையி."

எதிர்ப்பக்கம் ஓவென்று அழுகை. அது கோவிந்தன் அழுததா, பந்தலே அழுததா என்று தெரியவில்லை. அன்று பிற்பகல் பாய் சுடுகாடு வரை நடந்து போய், போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பறைச் சத்தமும் வெடிச் சத்தமும் தென்னைமரத்தடியில் எங்களுக்குக் கேட்டது. நடுவில், "தலைய அந்தப் பக்கம் திருப்புங்கடா, எத்தன தடவ சொல்றது" என்று யாரோ அதட்டியதும் கேட்டது. ஒன்பது பேரும் நனைந்துகொண்டு கைகூப்பி நின்றார்கள். நானும் நின்றேன்.

மொட்டை போட வேண்டும் என்றார் செல்லமுத்து. கடைத்தெருவில் ஒரு வங்காளி நாவிதர் இருந்தார். தலையைத் தடவிக் காட்டி, "எல்லாம், எல்லாம்" என்று சைகை செய்தோம். அவர் நன்றாகத் தலையாட்டிவிட்டு, மொட்டையடித்து, உச்சியில் கோயில் பூசாரி மாதிரி ஒரு குடுமியை மட்டும் பத்திரமாக விட்டுவைத்துவிட்டார். அவர்கள் ஊரில் அப்பா அம்மா இறந்தால் அப்படித்தான் விடுவார்களோ என்னவோ. செல்லமுத்து கண்ணாடியில் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். கொளஞ்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர் அப்படியே கடை வாசலில் உட்கார்ந்து, "அத்தை, அத்தை" என்று அழ ஆரம்பித்தார். பதினோரு வருடம் தினமும் சண்டை போட்டவருக்காக அவ்வளவு நேரம் அழுதார். நாவிதர் பயந்துபோய்க் குடுமியையும் எடுத்துவிட்டார்.

அம்மா போன மூன்றாம் நாள் கப்பல் விட்டார்கள். ஊர் வந்து சேர்ந்தோம். ஆபீசில் பாய் என்னைத் திட்டவில்லை. கோட்டைத் தாண்டித்தான் போவோம் என்று ஜூன், ஜூலைக்குப் பதிவு செய்திருந்த ஒவ்வொருவருக்கும் நானே மறுபடி போன் செய்து, அந்த மாதம் கடல் எப்படி இருக்கும் என்று மறைக்காமல் சொல்லச் சொன்னார். சொன்னேன். முக்கால்வாசிப் பேர் ரத்து செய்தார்கள். அன்று சாயங்காலம் அவர் எல்லா மேஜை டிராயரையும் திறந்து, இருந்த ரப்பர்களையெல்லாம் பொறுக்கி, எதிரே இருந்த பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அதோடு எங்கள் ஆபீசில் ரப்பர் கிடையாது. தப்பாக எழுதினால் புதுத் தாள் எடுக்க வேண்டும்.

பதினாறாம் நாள் கருமாதிக்குப் போவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நெற்றியில் குடை பட்ட இடம் இன்னும் ஊதா நிறத்தில் இருந்தது. போனேன். பந்தலில் யாரோ, "இதுதான்யா அந்தமான் மேடம்" என்று காட்டிக் கொடுத்தார்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான்கு பெண்கள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். திட்டத்தான் வருகிறார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அதில் ஒருத்தி, "மேடம், எங்களுக்குக் கடல பாக்கணும். எந்த மாசங்க நல்லது?" என்று கேட்டாள். கருமாதிப் பந்தலில் வைத்து என்ன பதில் சொல்வது? சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்து பந்திக்குப் போய்விட்டேன்.

பந்தியில் அண்ணனும் தம்பியும் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். கோவிந்தன் சோறு, செல்லமுத்து சாம்பார். என் இலைக்கு வந்து நின்றார். மொட்டைத் தலையில் லேசாக முடி முளைத்திருந்தது. நிறைய ஊற்றினார்.

"அன்னைக்கு நீங்க வுட்ருந்தா, இன்னைக்கு ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பந்தியா நடந்துருக்கும். அது எனக்குத் தெரியும்" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அதுக்காக மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க. எங்கம்மா மொகத்த நான் பாக்கல. சாப்புடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.

நான் ஓய்வு பெறும் வரை செல்லமுத்து என்னைப் பார்த்து ஒருமுறைகூடச் சிரித்ததில்லை. கடைத்தெருவில் எதிரே வந்தால் தலையை மட்டும் அசைப்பார். ஆனால் ஆண்டிமடம் பக்கத்திலிருந்து அந்தமான் போகிறேன் என்று எங்கள் மாடிப்படி ஏறியவர்களில் பாதிப் பேர் அவர் அனுப்பி வந்தவர்கள். யார் சொல்லி வந்தீர்கள் என்று நான் கேட்பேன். அவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சொல்வார்கள்.

"செல்லமுத்து அண்ணன்தாங்க அனுப்புனாரு. அந்தம்மா போன்னா போங்க, போவாதன்னா வாயத் தொறக்காம திரும்பி வந்துடுங்கன்னாரு."